ஒரு பெட்டி, இரண்டு பெடல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். மின்கிட்டாரின் ஓசையைப் பலவிதமாக மாற்றித் தரும் டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் பிராசசர் என்ற சிறு பெட்டி வந்த பிறகு கிட்டார் வாசிப்பவருக்குக் கைத்திறன் வேண்டாம் என்றாகிவிட்டது, காலால் ஒரு சுவிட்சை மிதித்தால் மீதியைப் பெட்டி பார்த்துக்கொள்கிறது என்று அவர் வருந்தியிருந்தார். இசையின் மேல் அக்கறை இல்லாதவர் அப்படி வருந்த மாட்டார். அதனால்தான் பதில் எழுதத் தோன்றியது. 22 ஆண்டுகளாக மேடையில் கிட்டார் வாசிக்கிறேன். பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறேன். ஒரு பிராசசரை நடுவில் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு போகிற அளவுக்குச் சிறிய பெடல்போர்டு ஒன்றை, அதாவது ஓசையை மாற்றும் கால் கருவிகளான பெடல்களை அடுக்கும் பலகையை, நானே செய்துகொண்டேன். அதைச் செய்து முடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்தில் காது கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய பலகையைப் பற்றி. அதில் 11 பெடல்கள் இருந்தன: டியூனர், வா, கம்ப்ரஸர், ஃபஸ், ஓவர்டிரைவ் இரண்டு, ஃபேஸர், கோரஸ், வால்யூம், டிலே, ரிவெர்ப். ஃபஸும் ஓவர்டிரைவும் ஓசையை முரடாக்கும், டிலே எதிரொலி தரும், ரிவெர்ப் பெரிய அரங்கத்தின் முழக்கம் தரும். எல்லாவற்றையும் வைத்துத் தூக்கும் பெட்டியோடு சேர்த்து 16 கிலோ. ஒரு நாள் மாலை, நிகழ்ச்சி தொடங்க சில நிமிடங்களே இருக்கும்போது கிட்டார் ஓசை சுத்தமாக நின்றுபோனது. 11 பெடல் என்றால் இடையில் 10 சிறு கேபிள், முன்னும் பின்னும் ஒவ்வொன்று, ஆக 12 கேபிள். 24 பிளக். போதாததற்கு 11 மின் இணைப்புகள். எந்த இடத்தில் அறுந்தது? குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கிட்டார் கேபிளைப் பிடுங்கி நடுப் பெடலில் செருகிப் பார்த்தேன். ஓசை வந்தது. அப்படியானால் குற்றம் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கிப் பார்த்தேன். கடைசியில் கம்ப்ரஸருக்கும் ஃபஸுக்கும் நடுவே இருந்த விரல் நீளக் கேபிளில் ஈயப் பற்று விட்டிருந்தது. மாற்றிவிட்டு நிமிர்ந்தபோது அரங்கம் நிறைந்திருந்தது, என் சட்டை முழுக்க வியர்வை. என்னால் மற்ற ஆறு பேரும் பத்து நிமிடம் காத்து நின்றார்கள். அன்று இரவு முதுகு வலியோடு அந்தப் பலகையைப் படியில் இறக்கும்போது முடிவு செய்தேன், இது போதும் என்று.

போதும் என்று சொல்வது எளிது. எதை விடுவது என்பதுதான் கடினம். அன்பர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் பெட்டிக்குள் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. இன்றைய சிறு பிராசசர்களுக்கு அந்தக் கொள்ளளவு இருக்கிறது. லைன் 6 நிறுவனம் 2018-ல் கொண்டுவந்த எச்எக்ஸ் ஸ்டோம்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 18 செ.மீ. அகலம், மூன்று கால் சுவிட்ச். ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் 6 எஃபெக்டுகள்தான் அடுக்கலாம் என்றிருந்தது. 2020-ல் மென்பொருள் புதுப்பித்தபோது அது 8 ஆனது. ஆம்ப் (ஓசையைப் பெருக்கும் கருவி), கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) இவற்றின் மாதிரிகள், டிலே, ரிவெர்ப் எல்லாம் உள்ளேயே. பின் எதற்கு வெளியே பெடல்?

நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. பாட்டு நடக்கும்போது என் கை போய்த் திருகும் குமிழ் உள்ளவை வெளியே இருக்கட்டும். மாலை முழுவதும் ஒரே நிலையில் கிடப்பவை உள்ளே போகட்டும். ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துப் பார்த்தேன். கோரஸில் நான் ஒருநாளும் கை வைக்கவில்லை. ரிவெர்ப்பிலும் இல்லை. கம்ப்ரஸரைக் கடைசியாக எப்போது தொட்டேன் என்றே நினைவில்லை. ஆனால் ஃபஸிலும் ஒரு ஓவர்டிரைவிலும் பாட்டுக்குப் பாட்டு கை போயிருந்தது. இரண்டு ஓவர்டிரைவ் வைத்திருந்தும் ஒன்றை மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆக ஃபஸ் ஒன்று, ஓவர்டிரைவ் ஒன்று, நடுவில் பிராசசர். மற்ற ஒன்பதும் அலமாரிக்குப் போயின.

ஃபஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கைத்திறன் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. கடைக்கு வந்த முதல் ஃபஸ் பெடலாகச் சொல்லப்படும் மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 வெளிவந்தது 1962-ல். 1966-ல் வட்டத் தட்டு வடிவில் ஃபஸ் ஃபேஸ் வந்தது. இரண்டே டிரான்சிஸ்டர், கைவிரலால் எண்ணிவிடக்கூடிய உதிரிபாகங்கள். அதன் உள்வாங்கும் மின்தடை மிகக் குறைவு. அதனால் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கிட்டாரின் பிக்கப் சுருளும் வால்யூம் குமிழும் அந்தச் சுற்றின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகின்றன. குமிழை 10-ல் வைத்தால் தந்தி அலறும். சுண்டுவிரலால் 7-க்கு இறக்கினால் அலறல் அடங்கி, ஒவ்வொரு தந்தியும் கண்ணாடி மணிபோல் தனித்தனியாகக் கேட்கும். 8-க்கும் 7-க்கும் நடுவே ஒரு நிலை உண்டு; மெல்ல மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் முரடு. அந்த இடத்தைச் சுண்டுவிரல் கண் பார்க்காமல் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. இந்த ஃபஸுக்கு முன்னால் ஒரு பஃபர், அதாவது சிக்னலுக்குத் தெம்பூட்டும் சுற்று, வந்துவிட்டால் போதும், பிக்கப்போடு இருந்த அந்த உறவு அறுந்துவிடும். குமிழை இறக்கினால் ஓசை அளவு குறையுமே தவிரத் தெளிவு வராது. ஆகவே கிட்டாரிலிருந்து வரும் கேபிள் முதலில் ஃபஸில்தான் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு ஓவர்டிரைவ், அதற்குப் பிறகு பிராசசர்.

டிஜிட்டல் ஃபஸ் மோசம் என்று நான் சொல்லவில்லை. இன்றைய பெட்டிகளில் அருமையான மாதிரிகள் இருக்கின்றன. ஆனால் முரட்டு ஓசைக்கு மேல்சுரங்கள் ஏராளம். வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக மாற்றும் பெட்டியால் 24 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் போகும் அதிர்வைப் பிடிக்க முடியாது. பிடிபடாதது மறைந்துபோவதும் இல்லை. மடங்கிக் கீழே வந்து, வாசிக்கும் சுரத்தோடு உறவே இல்லாத ஓர் இரைச்சலாக ஒட்டிக்கொள்ளும். இதைத் தவிர்க்கத் தயாரிப்பாளர்கள் உள்ளே பலமடங்கு வேகத்தில் கணக்கிடுகிறார்கள். பெட்டியின் கணிப்புத் திறனில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். 8 இடம்தான் இருக்கிறது என்றால், ஃபஸை வெளியே வைத்துவிட்டு அந்த இடத்தை ஒரு நல்ல ரிவெர்ப்புக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் பட்டது.

இனி, பலகையின் அளவு. இங்கே தங்கள் நாளிதழுக்கே நான் நன்றி சொல்ல வேண்டும். பழைய இதழ்களைத் தரையில் விரித்து, ஒவ்வொரு பெடலையும் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வெட்டிக்கொண்டேன். பிளக்குகளையும் சேர்த்து வெட்டினேன். பலர் தவறவிடுவது அதைத்தான். பாஸ் (Boss) நிறுவன வகைப் பெடல் ஒன்று 7.3 செ.மீ. அகலம். ஆனால் பக்கவாட்டில் ஜாக் இருப்பதால், எவ்வளவு தட்டையான பிளக் போட்டாலும் இரண்டு பெடலுக்கு நடுவே 3 செ.மீ. வேண்டும். வலது ஓரத்தில் கிட்டார் கேபிளுக்கு 3, ஃபஸ் 7.3, இடைவெளி 3, ஓவர்டிரைவ் 7.3, மறுபடி 3, பிராசசர் 18. கூட்டினால் 41.6 செ.மீ. நான் தேர்ந்தெடுத்த பலகை 45 செ.மீ. நீளம், 20 செ.மீ. ஆழம். பிராசசருக்கு ஜாக்குகள் பின்புறம் இருந்ததால் பக்கத்தில் இடம் மிச்சமானது. ஆனால் நேரான பிளக் பின்னால் 6 செ.மீ. நீட்டிக்கொண்டு பலகையின் விளிம்பை முட்டியது. எல்லாவற்றையும் எல் வடிவப் பிளக்காக மாற்றினேன். காலால் முன்னும் பின்னும் சாய்த்து ஓசையை மாற்றும் எக்ஸ்பிரஷன் பெடலுக்கு இடம் கிடைக்கவில்லை. எவ்வளவு நகர்த்தியும் கிடைக்கவில்லை. அதைப் பலகையிலிருந்து இறக்கித் தரையில் தனியாக வைத்து, மூன்று தொடர்பு உள்ள ஸ்டீரியோ பிளக் கேபிளால் இணைத்தேன். சாதாரணக் கிட்டார் கேபிளை அதில் செருகினால் வேலை செய்யாது. என்னிடம் கற்கும் மூன்று பிள்ளைகள் இதே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

காகிதத் துண்டுகளைத் தரையில் ஒட்டிவிட்டு, மேடையில் போடும் அதே செருப்போடு நின்று மிதித்துப் பார்த்தேன். என் பாதம் அதன் அகலமான இடத்தில் 10 செ.மீ. பிராசசரின் சுவிட்சுகளுக்கு நடுவே உள்ள தூரம் அதைவிடக் குறைவு. நடுச் சுவிட்சை மிதித்தால் பக்கத்துச் சுவிட்சும் அமுங்குகிறது. பெருவிரல் பக்கத்தை மட்டும் சாய்த்து வைத்துப் பழகினேன். நடுச் சுவிட்சின் தலையில் ஓர் உயரமான தொப்பியையும் மாட்டினேன். மூன்று சுவிட்சும் மூன்று உயரத்தில் இருந்தால் இருட்டில் காலுக்கே அடையாளம் தெரியும். இதெல்லாம் படத்தில் பார்த்தால் தெரிகிற விஷயம் இல்லை, ஐயா. நின்று மிதித்தால்தான் தெரியும்.

ஒட்டுவதற்கு வெல்க்ரோ. பெடலின் ரப்பர் காலைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு போக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, சொரசொரப்பான பக்கத்தைப் பெடலிலும் மென்மையான பக்கத்தைப் பலகையிலும் ஒட்டினேன். வரிசை எண் அச்சிட்ட தாளின் மேல் ஒட்டாமல் விட்டால் பின்னாளில் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது உதவும்.

அடுத்தது மின்சாரம். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும்தான் தாங்கள் அச்சிட முடியும் என்றால் இதை அச்சிடுங்கள்.

புதுப் பலகையோடு நான் மேடையேறிய மூன்றாவது நிகழ்ச்சி. இரண்டாவது பாட்டு, பல்லவி முடிந்து என் இடையிசை. முதல் வரி வாசித்திருப்பேன். காலடியில் இருந்த திரை அணைந்தது. பிறகு நிறுவனத்தின் சின்னம் மெல்ல ஒளிர்ந்தது. பெட்டி தன்னைத்தானே அணைத்து மறுபடி எழுந்துகொண்டிருந்தது. கையில் தந்தி அதிர்கிறது, ஓசை இல்லை. டிரம்ஸ் வாசிப்பவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு எட்டு சுற்று தனியாகத் தட்டி என்னைக் காப்பாற்றினார். அந்தப் புண்ணியவானை நான் மறக்க மாட்டேன்.

தவறு என்னுடையது. பெட்டியோடு வந்த அடாப்டர் பருமனாக இருந்ததால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, பலகைக்கு அடியில் இருந்த சிறு பவர் சப்ளையிலிருந்தே பெட்டிக்கும் இணைப்புக் கொடுத்திருந்தேன். அந்த முனையின் திறன் பெட்டியின் அடியில் எழுதியிருந்த தேவையைவிடக் குறைவு. வீட்டில் மூன்று வாரம் ஓடியது. அதை நம்பினேன். மேடையில் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும்போது மின்னழுத்தம் சற்றே தாழ்ந்தது. விளிம்பில் நின்ற பெட்டி விழுந்துவிட்டது. ஓவர்டிரைவ் போன்ற அனலாக் பெடல் 10, 20 மில்லி ஆம்பியரில் ஓடிவிடும். டிஜிட்டல் பெட்டியின் பசி வேறு. நான் மேலே சொன்ன எச்எக்ஸ் ஸ்டோம்ப்போடு தரப்படும் அடாப்டரில் 9 வோல்ட், 3 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அவ்வளவையும் எப்போதும் இழுக்காது என்றாலும், தயாரித்தவர் ஒதுக்கிய இடைவெளியை நாம் குறைக்கக் கூடாது.

இதைச் சொன்னபோது என் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், மூணு ஆம்பியர் குடுத்தா என் சின்னப் பெடல் எரிஞ்சு போயிடாதா?" நல்ல கேள்வி. எரியாது. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் வாளி கொள்ளும் அளவுதான் மேலே வரும். ஆம்பியர் என்பது கிணறு. அது கூட இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட் அப்படியில்லை, 9 என்று போட்டிருந்தால் 9தான். 12-ஓ 18-ஓ கொடுத்தால் தாங்கும் பெடல்கள் சில உண்டு, பல செத்துப்போகும். மூன்றாவதாக, முனை. பெரும்பாலான கிட்டார் பெடல்களுக்கு நடு ஊசி எதிர்மறை, வெளி வளையம் நேர்மறை. வீட்டில் கிடக்கும் பல கருவிகளின் அடாப்டரில் இது நேர்மாறு. பிளக் ஒரே அளவாக இருப்பதால் அழகாகச் செருகிக்கொள்ளும். உள்ளே பாதுகாப்பு டயோடு இல்லாத பெடல் அதோடு முடிந்தது.

ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலிபோல் எல்லாப் பெடலுக்கும் மின்சாரம் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. அனலாக் பெடல்களுக்குள் மட்டும் என்றால் பெரும்பாலும் ஓடிவிடும். நடுவில் ஒரு டிஜிட்டல் பெட்டி சேர்ந்தால், அதன் உள்ளே துடிக்கும் கடிகாரத் துடிப்பு பொதுவான தரைக்கம்பி வழியே ஓவர்டிரைவுக்குள் ஏறும். ஓவர்டிரைவ் அதையும் பெருக்கும். கொசு காதருகே சுற்றுவதுபோல் ஒரு கீச்சொலி. நான் அந்தக் கீச்சொலியைத் தேடிப் பிக்கப்பை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ஒரு மாதம் வீணானது. ஒவ்வொரு முனையும் மற்றதிலிருந்து முழுவதும் பிரிக்கப்பட்ட சப்ளையை வாங்கி மாட்டிய அன்றே அது நின்றது. பெட்டிக்கு அதனுடைய சொந்த அடாப்டரையே திரும்பக் கொண்டுவந்து பலகையின் அடியில் கட்டினேன். பெடலுக்குச் செலவு செய்வதற்கு முன் இதற்குச் செலவு செய்யுங்கள் என்று என் பிள்ளைகளிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

இரைச்சல் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆம்பும் மிக்சரும் வெவ்வேறு இடத்தில் மின்சாரம் எடுக்கும்போது தரைக்கம்பி இரண்டு வழியாகச் சுற்றி ஒரு தாழ்ந்த ரீங்காரம் எழும். அதை நிறுத்துவதற்காகப் பிளக்கின் மூன்றாவது கம்பியை, எர்த் கம்பியை, வெட்டிவிடுபவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். கையில் உலோகத் தந்தி, உதட்டருகே உலோக மைக். எர்த் இல்லாத ஆம்பில் ஒரு கசிவு வந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது நம் உடம்பு. இரைச்சலை நிறுத்த, கிட்டார் சிக்னலை மிக்சருக்கு அனுப்பும் டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் கேபிளின் தரையை மட்டும் பிரிக்கும். உயிர் காக்கும் கம்பி அப்படியே இருக்கும்.

கேபிள் நீளமும் ஓசைதான். ஒரு மீட்டர் கிட்டார் கேபிளுக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் வைத்துக்கொள்ளலாம். என் பழைய பலகையில் பெரும்பாலான பெடல்கள் ட்ரூ பைபாஸ், அதாவது அணைத்தால் வெறும் கம்பி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் பிக்கப் 14 மீட்டர் கேபிளைத் தனியாகச் சுமக்க வேண்டும். உச்ச அதிர்வுகள் வழியிலேயே உதிர்ந்துவிடும். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஓசை மங்கும். அதை ஈடுகட்ட ஆம்பில் டிரெபிளை ஏற்றி ஏற்றி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், காரணம் தெரியாமலே. இப்போது பெட்டியின் உள்வாங்கும் மின்தடை 1 மெகா ஓம். அதிலிருந்து வெளியே போகும் சிக்னலுக்குத் தெம்பு இருக்கிறது. கிட்டாரிலிருந்து பெட்டி வரை உள்ள தூரம் மட்டும்தான் கணக்கு. 3 மீட்டர் கேபிள் போட்டேன். டிரெபிளை பழைய இடத்துக்கு இறக்கினேன்.

சவுண்ட் பலகையில் அமர்ந்திருப்பவர் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "ஆம்புக்கு மைக் வைக்கணுமா அண்ணே, இல்ல நேரா லைன் குடுக்கறீங்களா?" நேராக லைன் கொடுப்பதாக, அதாவது ஆம்ப் இல்லாமல் மிக்சருக்கே அனுப்புவதாக, இருந்தால் ஒன்றை மறக்கக் கூடாது. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் பாடாது. ஓவர்டிரைவின் மேல்முனைச் சொரசொரப்பு அங்கேதான் வடிகட்டப்படுகிறது. அரங்கத்து ஸ்பீக்கரோ எல்லாவற்றையும் அப்படியே ஒலிக்கும். பெட்டிக்குள் கேபினட் மாதிரியை, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பார்கள், அணைத்துவிட்டு நேராகக் கொடுத்தால் தகரத்தின் மேல் மணலை உரசுவதுபோல் கேட்கும். டிஜிட்டல் ஓசை பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் எத்தனை பேர் இந்த ஓசையைக் கேட்டுவிட்டு அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதுண்டு. கடிதம் எழுதிய அன்பரும் ஒருவேளை அப்படி ஒரு நிகழ்ச்சியில் உட்கார்ந்திருக்கலாம். ஆம்பில் கொடுக்கும்போது அந்தக் கேபினட் மாதிரியை அணைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு கேபினட் அடுக்கி ஓசை கம்மிப்போகும். ஆகவே ஒவ்வொரு பிரீசெட்டையும், அதாவது பெட்டியில் சேமித்து வைத்த ஓசை அமைப்பையும், இரண்டு பிரதியாக வைத்திருக்கிறேன்.

பிரீசெட் என்றதும் நூறு, இருநூறு என்று நினைக்க வேண்டாம். என்னிடம் இருப்பது நான்கு. அவற்றை ஹெட்போனில் அமைத்து நான் ஏமாந்தேன். நள்ளிரவில் மெல்லிய ஓசையில் கேட்டபோது கீழ் ஓசையும் மேல் ஓசையும் போதவில்லை என்று இரண்டையும் கூட்டினேன். அரங்கத்தில் பேஸ் கிட்டாரையே மூழ்கடித்தேன். ஓசை அளவு குறையும்போது நம் காது தாழ்ந்த சுரங்களை அதிகமாக இழக்கிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகத் தந்திருக்கிறார்கள். இப்போது பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தித்தான் பேச முடியும் என்ற அளவுக்கு ஓசையை வைத்துக்கொண்டு, குழுவோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான் அமைக்கிறேன். தனியாகக் கேட்டால் கொஞ்சம் ஒல்லியாகத்தான் இருக்கும். குழுவுக்குள் அது தன் இடத்தில் சரியாக உட்காரும்.

டிஜிட்டல் என்றால் தாமதம் என்ற குறையும் அந்தக் கடிதத்தில் இருந்தது. உண்மைதான், ஒலியை எண்ணாக்கித் திரும்ப ஒலியாக்க ஓரிரு மில்லி விநாடி ஆகும். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் போவது 34 செ.மீ. ஆம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர் ஏற்கெனவே கிட்டத்தட்ட 6 மில்லி விநாடி தாமதத்தோடுதான் வாசிக்கிறார்; யாரும் அதை உணர்வதில்லை. டிஜிட்டல் வயர்லெஸ், டிஜிட்டல் டிலே, டிஜிட்டல் மிக்சர் என்று அடுக்கிக்கொண்டே போனால் கூட்டித்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் வயர்லெஸ் வேண்டாம் என்று விட்டேன்.

அந்தப் பெட்டிக்குள் நான் மிகவும் விரும்புவது டிலே. நிமிடத்துக்கு 120 தட்டு போகும் பாட்டில் ஒரு தட்டு 500 மில்லி விநாடி. எதிரொலியை 375-ல் வைத்தால், தட்டின் முக்கால் பங்கில் அது திரும்பி வந்து நான் மீட்டும் எட்டாம் பங்குச் சுரங்களின் இடுக்கில் விழும். இரண்டு கை வாசிப்பது நான்கு கைபோல் கேட்கும். ஆனால் என் மீட்டல் ஓர் இழை தடுமாறினால் எதிரொலி அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்து ஊருக்கே சொல்லும். டிலே போட்டு வாசிக்கப் பழகிய பிறகுதான் என் லயம் நேரானது. மெட்ரோனோம் பத்து வருஷத்தில் செய்யாததை அது செய்தது. சுரத்தை வளைத்து மேலே தூக்கும் விரலுக்கு எந்தப் பெட்டியும் துணை வராது. வளைவு சுருதி சேராமல் நின்றால் ரிவெர்ப் அதை இன்னும் நீட்டித்தான் காட்டும். அன்பர் ஒரு நாள் ஒத்திகைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அவர் கையிலேயே கிட்டாரைக் கொடுக்கிறேன், அதே பெட்டி, அதே பிரீசெட்.

இப்போது பலகை பையோடு சேர்த்து 5 கிலோவுக்கும் கீழே. கேபிள் கிட்டார் முதல் மிக்சர் வரை நான்கு. ஏதாவது அறுந்தால் எட்டு பிளக்கில் தேடினால் போதும். பெட்டியே நின்றுபோனால் ஓவர்டிரைவிலிருந்து நேராக ஆம்புக்குப் போகும் நீளக் கேபிள் ஒன்று பையின் வெளி ஜிப்பில் எப்போதும் இருக்கிறது. மென்பொருள் புதுப்பிப்பதற்கு முன் பிரீசெட்டுகளைக் கணினியில் நகலெடுத்துக்கொள்கிறேன். நிகழ்ச்சி இருக்கும் வாரத்தில் புதுப்பிப்பதே இல்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தொழில்நுட்பப் பக்கத்தில் கைப்பேசி அடாப்டரைப் பற்றியெல்லாம் படத்தோடு விளக்குகிறீர்கள். ஒரு முறை பெடல் அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அந்தச் சிறு படத்தை, நடுப் புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும் இருபக்கமும் கூட்டல் கழித்தல் குறியும் உள்ள படத்தை, உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகப் போட்டு, எந்தக் குறி நடுப் புள்ளியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். நான் அதை வெட்டி எடுத்து, வகுப்பறைச் சுவரில் பிளக் பாயிண்டுக்கு மேலே ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்